உப்பு வந்தது, சர்க்கரை வரவில்லை

மதுக்கரை,
திங்கட்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய தொண்டாமுத்தூர் திரு. சென்னியப்பன் அவர்களுக்கு,

மதுக்கரை மாசாணம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மகள் இளவேனிலும் நலம். அங்கு தாங்களும், தங்கள் இல்லத்தரசி சாமியாத்தாள் அம்மாவும், தங்கள் மகன் தம்பி பிரவின்குமாரும், தங்கள் அக்காவும், தோப்பும், மாடு கன்றுகளும் நலமாக இருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். யானைகளும் நலமாக இருக்கட்டும். ஆனால் தங்கள் தோப்புப் பக்கம் வராமல் மலை மேலேயே நலமாக இருக்கட்டும்.

முதலில் "அன்புள்ள சம்பந்தி" என்றுதான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். உப்புச் சர்க்கரை மாற்றிக்கொண்டால்தான் இரண்டு வீட்டுப் பேச்சும் உறுதி, அதற்குப் பிறகுதான் சம்பந்தி என்று கூப்பிட உரிமை. தங்களுக்குத் தெரியாததா? நம் இருவருக்கும் நடுவில் இதுவரை உப்பு மட்டும்தான் வந்திருக்கிறது. நேற்று நீங்கள் விட்டுவிட்டுப் போன உப்பு, தட்டோடு, வெற்றிலை பாக்கோடு, எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துக் குழம்பில் போடுவதா, திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பதா, ஒன்றும் புரியவில்லை. காலையில் பார்த்தேன், நீர் விட்டுக்கொண்டு இருக்கிறது.

இதையெல்லாம் போனில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். பேசினேனே! நேற்று நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று கணக்குப் போட்டுக் கூப்பிட்டேன். நீங்கள், "பரவால்லீங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாங்க" என்றீர்கள். நான், "செரிங்க" என்றேன். அவ்வளவுதான், வைத்துவிட்டோம். நம் பக்கத்து மனிதர்களுக்கு இது ஒரு பெரிய கெரகம். வேண்டும் என்றாலும் பாத்துக்கலாங்க, வேண்டாம் என்றாலும் பாத்துக்கலாங்க. வேறு ஊர்க்காரராக இருந்தால் "உன் சங்காத்தமே வேண்டாம் போய்யா" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருப்பார், நானும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசி, இல்லையென்றால் அழுதாவது தீர்த்திருப்பேன். உங்களுடைய அந்தப் பரவால்லீங்க ராத்திரி முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் எழுத்தில் எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். எழுத்தில் என்றால் நடுவில் நீங்கள் பரவால்லீங்க சொல்ல முடியாது பாருங்கள்.

நேற்று நடந்த கூத்துக்கெல்லாம் மூலகாரணம் என்னவென்று யோசித்துப் பார்த்தால், கலர்தான். கடையில் டின்னில் விற்கிற கலர் சோடா. அதிலும் சர்க்கரை போடாத டயட் கலர். என் மனைவி பாவாத்தாளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. டீயில் சர்க்கரை கூடாது, பலகாரம் கூடாது, மாம்பழத்தைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. அவளோ பொழுது சாய்ந்தால் இனிப்பாக ஏதாவது தொண்டையை நனைக்காமல் இருக்கமாட்டாள். அப்போது லேப் டெக்னீசியன் படித்துக்கொண்டிருந்த இளவேனில்தான் ஒரு நாள் இந்த டின்னை வாங்கிக்கொண்டு வந்தாள். நான் சிமென்ட் ஆலையில் லோடிங் வேலை முடித்து, தலையெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவேன். பாவாத்தாள் ஒரு டின்னை உடைத்து இரண்டு டம்ளரில் ஊற்றுவாள். குடித்ததும் அவளுக்கு ஒரு ஏப்பம் வரும். உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அப்படிச் சிரிப்பாள். ஒரு ஏப்பத்துக்கு இத்தனை சந்தோஷப்பட்ட மனுஷியை நான் பார்த்ததே இல்லை. அவள் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே, எனக்கு ஒரு நோயும் இல்லாவிட்டாலும், நானும் டயட் கலர்க்காரன் ஆனேன்.

கலர் குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன, நோய் தன் வேலையைப் பார்த்தது. முதலில் கால் விரல் போனது. பிறகு பாதம். பிறகு கிட்னி. முந்தின வருஷம் ஆடியில் அவளே போய்ச் சேர்ந்துவிட்டாள். கொடுமுடிக்குப் போய் ஆற்றில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்தவன் குளிக்கக்கூட இல்லை, நேராகச் சமையல் கட்டுக்குள் போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து சாக்கடையில் கொட்டினேன். இந்தப் படி ஏறி இனிமேல் சர்க்கரை உள்ளே வரக்கூடாது என்று சத்தியம் செய்தேன். இளவேனில் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். "அப்பா, ரத்தத்துல இருந்த சக்கரை வேறீங்கப்பா, டப்பாவுல இருக்கறது வேற. டப்பாச் சக்கரை அம்மாவ என்ன பண்ணுச்சு" என்றாள். எனக்கு எல்லாம் ஒன்றுதான். என் பெண்டாட்டியைக் கொன்றவனுக்கு என் வீட்டுக்குள் என்ன சோலி? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சர்க்கரை இல்லை, வெல்லம் இல்லை, நாட்டுச் சர்க்கரை இல்லை. தீபாவளிக்குக்கூடக் காரம் மட்டும்தான். கொஞ்ச நாளில் எறும்புகளும் வீட்டை விட்டுப் போய்விட்டன. வீட்டுக்கு வந்து போகிற ஒறம்பரையில் அதுவும் குறைந்தது.

ஆனால் கலர் மட்டும் நின்றபாடில்லை. ரிட்டயர் ஆகிவிட்டேனா, பொழுதுக்கும் வீடுதான். சாயங்காலம் ஆனால் கை தானாகவே டின்னை உடைக்கும், தானாகவே இரண்டு டம்ளரில் ஊற்றும். என்னுடையதைக் குடிப்பேன். இன்னொரு டம்ளர் அப்படியே இருக்கும். நுரையெல்லாம் அடங்கி, கழனித் தண்ணியாட்டம் ஆன பிறகு இளவேனில் வேலையிலிருந்து வந்து அதை எடுத்து ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பாள். அப்புறம் நான் இரண்டு டின், மூன்று டின் என்று ஏறிப் போக, வயிற்றில் எரிச்சல் வந்தது. ஒரு நாள் அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, இனிமேல் கலர் வேண்டாங்கப்பா. தானா இனிக்கற டீ இருக்குது. அதிமதுரம் இருக்குது, சீனித்துளசி இருக்குது. சூடாவும் குடிக்கலாம், ஐஸ் போட்டும் குடிக்கலாம். சக்கரையும் வேண்டாம், இந்த டின்னும் வேண்டாம்" என்றாள். நான் "என்னைய நிம்மதியா ஒரு வாய் குடிக்க உடமாட்டியா?" என்று கத்தினேன். அவள் அழுதுவிட்டாள். நாள் முழுவதும் ஊர்க்காரர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற பெண், எத்தனை பேர் அலறினாலும் முகம் மாறாதவள், ஒரு டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். டீக்காக நான் மாறவில்லை, அவள் அழுததற்காகத்தான் மாறினேன்.

உக்கடத்தில் நாசர் பாய் என்று ஒருவர், அப்துல் நாசர், நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போனேன். அதிமதுர வேரைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, "அண்ணா, துளியூண்டு போடுங்க. எச்சாப் போட்டீங்கன்னா நாக்குல குடியேறிப்போடும்" என்றார். மனுஷன் கருமித்தனத்தில் சொல்கிறார் என்று நினைத்து, கை நிறைய அள்ளிப் போட்டு, கஷாயம் மாதிரி சுண்டக் காய்ச்சிக் குடித்தேன். அவர் சொன்னது சரியாகப் போய்விட்டது. அன்று ரசம் இனித்தது, கத்திரிக்காய்க் குழம்பு இனித்தது, மறுநாள் காலையில் பல் தேய்த்தால் பற்பசை இனித்தது. மோர் மிளகாயைக் கடித்துப் பார்த்தேன், அதுவும் பாயசம். அடுத்தது ஆவாரம்பூ டீ. அதைப் பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு, எப்போதும் நாங்கள் ரிட்டயர் ஆனவர்கள் கூடுகிற பேக்கரிக்குப் போனேன். மஞ்சள் மஞ்சேர் என்று இருந்த பாட்டிலைப் பார்த்து, "மாசாணத்துக்கு டெஸ்ட்டுக்குக் குடுக்கற பாட்டில எங்க வெக்கறதுன்னு தெரியல போல" என்று ஒருவன் சொல்ல, பேக்கரியே சிரித்தது. அப்புறம் பாட்டிலை விட்டுவிட்டு, பொடியை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் வெந்நீர் மட்டும் கேட்டேன். பேக்கரிக்காரர் பாவம், "ஏனுங்க, வெந்நிய பில்லுல என்னன்னு போடறதுங்க?" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

ஐஸ் டீ கதையைக் கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். செம்பருத்திப் பூவைக் கொதிக்க வைத்து, சீக்கிரம் குளிரட்டும் என்று பாத்திரத்தோடு ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் தூங்கிப் போனேன். மத்தியானம் கரன்ட் போய்விட்டது. கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது, பாத்திரமும் சாய்ந்துவிட்டது. ஃப்ரிட்ஜின் அடியிலிருந்து சிவப்பாக ஓடி, கூடத்தைத் தாண்டி வாசல் வரை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சாந்தாமணி கறிவேப்பிலை கேட்க வந்தவள் அதைப் பார்த்தாள், உள்ளே நான் பாயில் மல்லாந்து கிடப்பதையும் பார்த்தாள். "அய்யோ, மாசாணண்ணன் பொண்டாட்டி போன தொக்கத்துல கழுத்த அறுத்துக்கிட்டாரே!" என்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நான் எழுந்து உட்கார்ந்ததும் இன்னொரு முறை அலறினாள். கூட்டம் கலைந்த பிறகு இளவேனிலும் சாந்தாமணியும் தரையைத் துடைத்தார்கள். துடைத்துக்கொண்டே இளவேனில், "நெசமாலுமே அப்படி எதும் நெனச்சதில்லீங்களேப்பா?" என்று கேட்டாள். நான் இல்லை கண்ணு என்றேன்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் கை கூடி வந்தது. சுக்கும் எலுமிச்சைப் புல்லும் தட்டிப் போட்டு, சீனித்துளசி இலை இரண்டு கிள்ளிப் போட்டு, ஆற வைத்து ஐஸ் போட்டேன். இளவேனில் வேலையிலிருந்து வந்ததும் அவளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து குடித்தோம். லேபில் யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, எவன் ஊசியைப் பார்த்து ஓடினான் என்று அவள் கதை சொன்னாள். நன்றாகத்தான் இருந்தது. பாவாத்தாள் போன பிறகு இரண்டு டம்ளரும் காலியானது அன்றுதான். அதிலிருந்து தினமும் அப்படித்தான். மழைக்காலம் என்றால் சூடாக, வெயில் காலம் என்றால் ஐஸ் போட்டு. அவள் பஸ் வருகிற நேரத்துக்கு நான் தண்ணீரை அடுப்பில் வைத்துவிடுவேன்.

அப்போதுதான் தங்கள் வீட்டுப் பேச்சு வந்தது. தம்பி பிரவின்குமார் ரத்தம் கொடுக்க லேபுக்கு வந்து, ஊசியைப் பார்த்ததும் மயங்கிச் சாய்ந்து, தெளிய வைத்தவளையே கட்டிக்கொள்கிறேன் என்று வீட்டில் சொன்ன கதையை நீங்கள் சொல்லக் கேட்டு நான் எவ்வளவு சிரித்தேன்! நல்ல பையன். பம்ப் கம்பெனியில் வேலை, தோப்பு வேலையும் தெரியும், முகத்தில் கள்ளம் இல்லை. ஒரு குறை சொல்ல வாயில்லை. தொண்டாமுத்தூர் ஒன்றும் லண்டன் இல்லை, இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே எல்லோரிடமும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவானது. நீங்கள் போனில், "உப்ப நாங்க கொண்டுட்டு வந்தர்றோமுங்க, சக்கரை மட்டும் உங்க ஊட்டுதா இருக்கட்டுமுங்க" என்றீர்கள். செரிங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சத்தியம் ஞாபகம் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஒரு நாளைக்குச் சத்தியத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருப்பார்கள். நான் நாசர் பாயிடம் போனேன். சர்க்கரைக்குப் பதிலாக, சர்க்கரையை விட இனிப்பாக என்ன இருக்கிறது என்று கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் கொடுத்திருக்க மாட்டார். சீனித்துளசிப் பொடி கொடுத்தார். இனிப்புத்தானே முக்கியம், இனிப்புக் கூடினால் உறவும் கூடத்தானே வேண்டும் என்று என் மனதுக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

அடுத்து நடந்தது எல்லாம் தாங்கள் பார்த்ததுதான். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு முறை சொல்லிவிடுகிறேன். மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், வழியில் யானை நின்றதால் நாலு மணிக்குத்தான் வந்தீர்கள். நாலரைக்கு ராகுகாலம். வந்தவர்களுக்குப் பதறிப் பதறி டீ கொடுத்தேன். வெயிலில் வந்தவர்களுக்கு ஐஸ் போட்ட செம்பருத்தி, பெரியவர்களுக்குச் சூடாக அதிமதுரம். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. தங்கள் அக்கா டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நல்ல சோலிக்கு வந்த எடத்துல எழவு ஊட்டு வரக்காப்பியாட்டக் குடுக்கறீங்க?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பால் இல்லாமல் நாம் குடிப்பது துக்க வீட்டில்தானே. நான், "குடிச்சுப் பாருங்க, தானா இனிக்கும்" என்றேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிக்குது. ஆனா எங்கிருந்து இனிக்குதுன்னு தெரியலீங்களே" என்று டம்ளரைக் கீழே வைத்தவர்கள் மறுபடி எடுக்கவே இல்லை.

பிறகு தட்டு மாற்றும் நேரம். சாமியாத்தாள் அம்மா உப்புத் தட்டோடு நின்றார்கள். எங்கள் பக்கத்துக்குச் சாந்தாமணி தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். மேலே மூடியிருந்த துணியை எடுத்தால், பச்சைப் பசேல் என்று பொடி. தங்கள் அக்காதான், "இதென்னுங்க, மருதாணியா? கல்யாணத்துக்கு முந்துன நாளுதானுங்களே வெப்பாங்க" என்றார்கள். பின்னாலிருந்து யாரோ, "தென்னைக்கு வெக்கற மருந்தாட்ட இருக்குது, கையக் கழுவீருங்க" என்றார்கள். சாமியாத்தாள் அம்மா மட்டும், என் மானத்தைக் காப்பாற்ற, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்கள். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு அடிக்கசப்பு வந்தது போல, கண் இரண்டும் சுருங்கிப் போனது. அப்போதும், "நல்லாருக்குதுங்கண்ணா" என்றார்கள் பாருங்கள், அந்தத் தாய்க்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்?

நீங்கள் பெரிய மனிதர். கோபப்படவில்லை. "அதனால என்னுங்க, தெருமுக்குல கடை இருக்குதுங்களே. கால் கிலோ சக்கரை வாங்கியாந்தா முடிஞ்சுது சோலி" என்றீர்கள். தம்பி பிரவின்குமார் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. ஓடிப்போய் வாசற்படியில் நின்று இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஊட்டுக்குள்ள சக்கரை வராதுங்க!" என்று கத்தினேன். தம்பி வெளியே போக முடியாமல் நின்றார். சாந்தாமணி, "அண்ணா, மணியாகுதுங்க, ராவு காலம் வந்துருமுங்க" என்று காதைக் கடித்தாள். இளவேனில் பட்டுப் புடவையோடு உள்ளேயிருந்து வந்து, "அப்பா, வழிய உடுங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நான் விடவில்லை. கடிகாரம் நாலரை அடித்தது. நீங்கள் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பரவால்லீங்க" என்றீர்கள்.

எல்லோரும் போன பிறகு இளவேனில் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. புடவையை மாற்றி மடித்து வைத்தாள். பூவை எடுத்துச் சாமி படத்துக்கு வைத்தாள். டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றி, என்னுடையதை என் முன்னால் வைத்தாள். அவளுடையதைத் தொடவில்லை. ஆறி, மேலே ஈ உட்கார்ந்து, அது அப்படியே இருந்தது. இன்று காலையில் எப்போதும் போல டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு, "வாரேனுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகையால் தாங்கள் பெரிய மனது பண்ணி ஒன்றை மட்டும் புரிந்துகொள்ள வேண்டும். இதில் என் பெண் மேல் ஒரு தப்பும் கிடையாது. தப்பு அந்தப் பச்சைப் பொடி மேல், அது வெள்ளையாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. தப்பு நாசர் பாய் மேல், எதற்கு என்று அவர் ஒரு வார்த்தை கூடக் கேட்டிருக்கலாம். தப்பு அந்த யானை மேல், அது வழி விட்டிருந்தால் ஒரு மணி நேரம் கையில் இருந்திருக்கும், நானும் கத்தி முடித்துச் சமாதானம் ஆகியிருப்பேன். பால் ஊற்றாத டீ மேல் தப்பு. கலர் மேல் தப்பு. கலரை நிறுத்தச் சொன்ன நல்ல மனதின் மேல்கூட ஒரு வகையில் தப்பு. மற்றபடி இந்தச் சம்பந்தத்தில் எனக்குப் பூரண சம்மதம், முழுச் சந்தோஷம்.

மறுபடியும் ஒரு நாள் குறியுங்கள். சத்தியத்துக்கும் பங்கம் வராமல் வழி யோசித்து வைத்திருக்கிறேன். சாந்தாமணி வீட்டில் வைத்து மாற்றிக்கொள்ளலாம், அங்கே சர்க்கரை மூட்டையாக இருக்கிறது. இல்லை, பெண் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று தங்கள் அக்கா சொன்னால், சர்க்கரைத் தட்டு தெருவிலேயே நிற்கட்டும், நான் உள்ளே இருந்து கையை நீட்டித் தொட்டு ஆசி சொல்கிறேன். அதுவும் ஆகாது என்றால் கோயிலில் வைத்துக்கொள்வோம். பால் ஊற்றிய டீயே கொடுக்கிறேன், என் தலை மேல் சத்தியம். என் பெண்ணை உங்கள் வீட்டு மருமகளாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவளுக்கு அம்மா இல்லை. என்னைப் பார்த்து அவளை எடை போட்டுவிடாதீர்கள்.

தங்கள் குலம் தழைக்கவும், தென்னையில் காய் குறையாமல் இருக்கவும், தம்பி பிரவின்குமாருக்கு இனி எந்த ஊசியும் தேவைப்படாமல் ஆரோக்கியமாக இருக்கவும் மனதார வாழ்த்துகிறேன். சாமியாத்தாள் அம்மாவுக்கு என் நமஸ்காரம். தங்கள் அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும், கொஞ்சம் சத்தமாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்,
ப. மாசாணம்.

பி.கு.: கவரில் போட்டு ஒட்டுவதற்குள் தங்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. நீங்கள் பேசவில்லை, சாமியாத்தாள் அம்மா பேசினார்கள். நான் எடுத்ததும் பொடிக்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர்கள், "அட அத உடுங்கண்ணா, ஊடு வந்து சேர்றதுக்குள்ளயே அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சு மறந்துபோட்டோமுங்க" என்றார்கள். பிறகு, "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து நீங்க வாசப்படியில நின்ன நெலையப் பாத்தா, சக்கரை உள்ள வரக்கூடாதுன்னு நின்ன மாதிரித் தெரியலீங்கண்ணா. உங்க புள்ள வெளிய போயிரக் கூடாதுன்னு நின்னாப்பல இருந்துச்சு. அதான் நாங்க மேக்கொண்டு பேசாம வந்துட்டோம். புள்ளைய அனுப்ப உங்களுக்கு மனசில்லீங்களா?" என்று கேட்டார்கள்.

நான், "டவர் எடுக்கலீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது.

வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, எத்தனை நேரம் என்று தெரியாது, அழுதேன். மேலே எழுதிய அத்தனையும் நடந்தது உண்மை, ஆனால் காரணம் என்று எழுதியது ஒன்றுகூட உண்மையில்லை. பொடி பாவம், பாய் பாவம், அந்த யானையும் பாவம். என் பெண்டாட்டி பேரைச் சொல்லிக்கொண்டு என் மகளை மறித்து நின்றிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. கிழித்துப் போடலாமா என்று நினைத்தேன், பிறகு இருக்கட்டும் என்று அப்படியே கூரியரில் அனுப்புகிறேன். சட்டையைப் போட்டுக்கொண்டு தெருமுக்குக் கடைக்குப் போய் ஒரு கிலோ சர்க்கரை வாங்கி, என் கையாலேயே படி தாண்டி உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டேன். இளவேனில் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை, அவளுக்கு இது தெரியாது. புதன்கிழமை வளர்பிறை, நாளும் நன்றாக இருக்கிறது.

சாமியாத்தாள் அம்மா கேட்டதற்கு என்னால் வாயால் பதில் சொல்ல முடியாது. நீங்களே சொல்லிவிடுங்கள், சம்பந்தி. மனசில்லீங்க. புதன்கிழமை வாங்க.